கடல் பக்கம் மாட்டிய ஸ்டார்

வள்ளவிளை,
டிசம்பர் 14, 2025.

அன்புள்ள மக்கா,

அம்மையை அடக்கம் செய்துவிட்டு நீ கத்தாருக்குப் போய் இரண்டு மாதம் ஆகப்போகிறது. ஒரு வரி எழுதவில்லை, பொறுத்துக்கொள். போனில் கூப்பிட்டால் இரண்டே நிமிடத்தில் "சரி, வைக்கட்டா" என்கிறாய். கடிதத்தை அப்படி வைத்துவிட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

வீட்டில் எல்லாரும் சுகம். சின்னவள் நீ தருவதாகச் சொன்ன சாக்லெட்டை இன்னும் கணக்கில் வைத்திருக்கிறாள். சோடாப்புட்டி சாருக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. இனி அவருக்கு வேறு பெயர் தேட வேண்டும்.

"இந்த வருஷம் எனக்குக் கிறிஸ்மஸ் கிடையாது" என்றாயே, அது என் தொண்டையிலேயே நிற்கிறது. என்ன பதில் சொல்வதென்று தெரியாமல்தான் இத்தனை நாள் பேசாமல் இருந்தேன். இப்போது ஒன்று நடந்திருக்கிறது.

நவம்பர் 30, ஒக்கி புயல் அடித்த நாள். எட்டு வருஷம் ஆகிவிட்டது. இந்தத் தடவை அது, கிறிஸ்மஸுக்காகக் காத்திருக்கும் திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறாக வந்தது. பீடத்துக்கு அந்தப் பக்கம் முதல் மெழுகுதிரி, எதிர்நோக்கின் திரி. இந்தப் பக்கம் அந்தப் புயலில் கடலோடு போனவர்களின் போட்டோக்கள். மாமியின் இளையவன் நீ வாங்கிக்கொடுத்த கோடு போட்ட சட்டையில் சிரிக்கிறான். பூசை முடிந்து வெளியே வந்ததும் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டார். "மக்களே, இந்த வருஷம் ஒரு ஸ்டார் கட்டித் தா."

எட்டு வருஷமாக அந்த வீட்டில் ஸ்டார் இல்லை, குடில் இல்லை, முந்திரிக்கொத்து இல்லை. "எல்லாம் ஆண்டவர் சித்தம்" என்று ஆறுதல் சொல்ல வந்தவரை மாமி வாசலிலேயே திருப்பி அனுப்பியது நினைவிருக்கிறதா? மாமி செய்தது சரி என்று இன்றும் சொல்வேன். பெத்லகேம் குழந்தைகள் கொல்லப்பட்டபோது ராகேல் ஆறுதல் பெற மறுத்தாள் என்றுதான் நற்செய்தியில் மத்தேயுவும் எழுதியிருக்கிறார். அவளை யாரும் அதட்டவில்லை. பாலன் இயேசு பிறந்து மூன்று நாள் கழித்து, டிசம்பர் 28-இல், அந்தப் பிள்ளைகளுக்குத் திருநாள். 2004-இல் சுனாமி வந்த ஞாயிறு திருக்குடும்ப விழா. குழந்தையைத் தூக்கிக்கொண்டு எகிப்துக்கு ஓடு என்பதுதான் அன்றைய நற்செய்தி. இந்த அழுகையெல்லாம் கிறிஸ்மஸுக்கு உள்ளேயே இருக்கிறது, மக்கா. அதைத் துடைத்துவிட்டுத்தான் பண்டிகைக்கு வர வேண்டும் என்று உனக்கு யார் சொன்னது?

திருச்சபையின் ஜூபிலி ஆண்டு என்று இந்த வருஷம் முழுக்க 'எதிர்நோக்கு' என்ற சொல்லை பேனரில் பார்த்துப் பார்த்து எனக்குச் சலித்திருந்தது. நம் பெண்கள் மணலில் உட்கார்ந்து, வள்ளம் ஒரு புள்ளியாகத் தெரிகிறவரை கடலையே பார்ப்பார்களே, அதுதானே எதிர்நோக்கு? அவர்கள் மனதில் பயமும் இருக்கும். ஆனாலும் பார்ப்பதை விடுவதில்லை. பாலன் பிறந்த செய்தி முதலில் கிடைத்ததும் ராத்திரி கண்விழித்துக் காவல் இருந்த இடையர்களுக்குத்தான்.

மூங்கிலைச் சீவி ஐந்து முனை கட்டினேன். சிவப்புத் தாள் ஒட்டி முடிகிறவரை மாமி கோந்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே இருந்தார். வழக்கம்போல ரோட்டுப் பக்கம் மாட்டப் போனேன்.

"அங்க வேண்டாம். கடல் பக்கம் மாட்டு."

எனக்கு என்ன சொல்வதென்றே தெரியவில்லை. மாமிதான் சொன்னார்: "அவன் இதப் பாத்து வருவான்னு நெனச்சு சொல்லல மக்களே. அவன நான் ஆண்டவர்கிட்டப் போய்ப் பாப்பேன். ராத்திரி கரைக்கு வர்ற மத்தப் பிள்ளைகளுக்கு நம்ம வீட்டு வெளிச்சமும் தெரியட்டும்."

உன் வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது. உனக்குச் சம்மதம் என்றால் அம்மையின் அறை ஜன்னலில் ஒரு ஸ்டார் கட்டுகிறேன். வேண்டாம் என்றால் கட்டமாட்டேன், எனக்கு வருத்தமும் இல்லை. மூங்கிலும் தாளும் மிச்சம் இருக்கிறது. 24-ஆம் தேதிக்குள் சொல்.

உன் பழைய கூட்டாளி