இசட் புள்ளியைத் தரம் 11 இலேயே சொல்லிக்கொடுத்தால் என்ன?

ஆசிரியருக்கு,

உயர்தரப் பெறுபேறு வெளியானால் போதும், உங்கள் பத்திரிகையின் பக்கங்கள் வாழ்த்து விளம்பரங்களால் நிறைந்துவிடும். பிள்ளையின் படம், பாடசாலையின் பெயர், மாவட்ட நிலை, அதற்குக் கீழே நான்கு தசமதானங்களோடு, பல்கலைக்கழக அனுமதிக்குப் பார்க்கும் இசட் புள்ளி. வெள்ளவத்தையில் ரியூஷன் வகுப்புக்காரர் கட்டும் பதாகைகளிலும் அதேதான். விளம்பரத்தில் எனக்குக் குறை இல்லை, பத்திரிகையும் ஓடவேண்டுமே. ஆனால் அந்த இலக்கம் எங்கிருந்து வந்தது என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுப் பாருங்கள். இணைந்த கணிதம் படித்த பிள்ளை சொல்லக்கூடும். உயிரியலோ கலையோ படித்த பிள்ளை பெரும்பாலும் கையை விரிக்கும். பெற்றோரைக் கேட்கவே வேண்டாம்.

நான் கொழும்பில் நெடுங்காலம் கணிதம் படிப்பித்து ஓய்வுபெற்றவன். அண்மையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் உள்ள ஒரு தாய், மகளின் பெறுபேற்றைக் கைப்பேசியில் காட்டி, "சேர், மூண்டு பாடமும் பாஸ். பிறகு ஏன் மைனஸ் வந்திருக்கு?" என்று கேட்டார். மகள் பூச்சியத்துக்கும் கீழே போய்விட்டாள் என்றே நினைத்துக்கொண்டார். அந்தப் பாடங்களில் நாடு முழுவதும் தோற்றிய பிள்ளைகளின் சராசரிக்கு மகள் சற்றுக் கீழே நிற்கிறாள், அவ்வளவுதான் விஷயம். சித்தியடைவது வேறு, சராசரியைத் தாண்டுவது வேறு. பெரும்பாலான பரீட்சைகளில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு மைனஸ் வரும். இதைச் சொல்லி முடிக்க ஒரு தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. பதினொரு வருடம் கணிதம் படித்த பிள்ளைக்கு இதை ஏன் முன்பே யாரும் சொல்லவில்லை என்பதுதான் என் கேள்வி.

சாதாரண தரப் பாடத்திட்டத்தில் புள்ளிவிபரவியல் இல்லாமல் இல்லை. இடை (அதாவது சராசரி), இடையம் (வரிசைப்படுத்தினால் நடுவில் நிற்கும் பெறுமானம்), ஆகாரம், வீச்சு எல்லாம் உண்டு. பிறகு வகுப்பாயிடை, எடுகொண்ட இடை (ஓர் இடையை ஊகித்துக்கொண்டு கணிக்கும் சுருக்கு வழி), வலையுருவரையம், திரள் மீடிறன் வளையி, காலணை இடைவீச்சு வரை போகிறது. குறை சொல்ல முடியாத பட்டியல். நடப்பது என்னவென்றால், பிள்ளை அட்டவணையின் நிரல்களை நிரப்பும், பெருக்கும், கூட்டும், வகுக்கும், 53.4 என்று விடை எழுதி அடியில் இரண்டு கோடு போடும். அடுத்த கணக்கு. 53.4 என்ன சொல்கிறது, யாரைப் பற்றிச் சொல்கிறது என்று ஆசிரியரும் கேட்பதில்லை, வினாத்தாளும் கேட்பதில்லை. நடுவைக் கண்டுபிடிக்கத்தான் பழக்குகிறோம். பிள்ளைகள் நடுவிலிருந்து எவ்வளவு சிதறி நிற்கிறார்கள் என்பதை வீச்சோடும் காலணையோடும் விட்டுவிடுகிறோம். சிதறலை அளக்கும் நியம விலகல் என்ற சொல்லே காதில் விழாமல் பலர் பாடசாலையை விட்டுப் போகிறார்கள்.

ஐந்து பிள்ளைகள் உள்ள இரண்டு வகுப்புகளை எடுங்கள். முதல் வகுப்பின் புள்ளிகள் 48, 49, 50, 51, 52. இரண்டாவது வகுப்பில் 20, 35, 50, 65, 80. இரண்டிலும் இடை 50, இடையமும் 50. நடுவை மட்டும் பார்த்தால் இரண்டும் ஒரே வகுப்பு. இப்போது ஒவ்வொரு புள்ளியும் 50 இலிருந்து எவ்வளவு விலகுகிறது என்று பாருங்கள். விலகலை வர்க்கித்து, கூட்டி, ஐந்தால் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் நியம விலகல். முதல் வகுப்புக்கு 1.41, இரண்டாவதற்கு 21.2. இசட் புள்ளி என்பது ஒரு பிள்ளையின் புள்ளியிலிருந்து இடையைக் கழித்து இந்த நியம விலகலால் வகுப்பது. முதல் வகுப்பில் 52 எடுத்த பிள்ளைக்கு 1.41 வருகிறது. இரண்டாவது வகுப்பில் 80 எடுத்த பிள்ளைக்கும் அதே 1.41! இந்தக் கணக்கைப் போட்டால் வகுப்பில் சண்டை வரும். "52 உம் 80 உம் எப்படி ஒன்றாகும்?" என்று கேட்பார்கள். கேட்கட்டும், பாடம் அங்கேதான் தொடங்குகிறது. எல்லோரும் நெருக்கியடித்து நிற்கும் இடத்தில் இரண்டு புள்ளி முந்துவதும், பரவிக்கிடக்கும் இடத்தில் முப்பது புள்ளி முந்துவதும் ஒரே முந்தல்தானா என்று அவர்களே வாதாடிப் பார்க்கவேண்டும்.

உயர்தரத்தில் மூன்று பாடங்களுக்கும் தனித்தனியே இப்படிக் கணித்து, மூன்றின் சராசரியைத்தான் பெறுபேற்றில் போடுகிறார்கள். ஒரு பாடத்தின் வினாத்தாள் கடினமாகவும் இன்னொன்று இலேசாகவும் அமைந்தால் வெறும் கூட்டுத்தொகை நியாயமாகாது என்பதற்காக 2001 இல் இந்த முறை வந்தது. எங்கள் தலைமுறைக்கு இதில் ஒரு பயம் உண்டு. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு மொழிவாரியாகப் புள்ளிகளைத் தரப்படுத்தியபோது தமிழ்ப் பிள்ளைகள் பட்டபாடு மறக்கக்கூடியதல்ல. அதனால்தான் இன்றும் சிலர் இசட் புள்ளியை அதன் தம்பி என்று நினைக்கிறார்கள். இது பாடவாரியாகக் கணிப்பது, மொழிவாரியாக அல்ல. பல்கலைக்கழக இடங்களுக்கான மாவட்ட ஒதுக்கீடு வேறு கதை. 40 வீதம் நாடளாவிய திறமைக்கும் 55 வீதம் மாவட்டத்துக்கும் 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் என்று பிரிப்பது, புள்ளியைக் கணித்து முடித்த பிறகு செய்யும் வேலை.

இசட் புள்ளி குற்றமற்றது என்று வாதாட நான் வரவில்லை. கெட்டிக்காரப் பிள்ளைகள் மட்டும் கூடும் பாடத்தில் நல்ல பிள்ளையும் சராசரியாகத் தெரியும். 2011 உயர்தரத்தில் பழைய பாடத்திட்டத்துக்குத் தோற்றியவர்களையும் புதிய பாடத்திட்டத்துக்குத் தோற்றியவர்களையும் ஒரே கூட்டமாகப் போட்டுக் கணித்தார்கள். வேறு வேறு வினாத்தாள், வேறு வேறு இடை, வேறு வேறு சிதறல். வழக்கு உயர் நீதிமன்றம் வரை போய், 2012 இல் அந்தக் கணிப்பு இரத்தாகி, இரு கூட்டத்தையும் தனித்தனியே கணிக்கவேண்டி வந்தது. சாதாரண தரப் பிள்ளைக்கு விளங்கும் பிழைதான் இது. விளக்கிச் சொல்லியிருந்தால் அந்த மாதங்களில் பெற்றோர் வதந்தியை நம்பி அலைந்திருக்க மாட்டார்கள்.

வருமானக் கணக்கிலும் இதே கதைதான். தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களத்தின் 2019 ஆய்வுப்படி, இலங்கையில் ஒரு வீட்டின் மாத வருமானம் சராசரியாக 76,414 ரூபா. ஆனால் இடையம் 53,333 ரூபாதான். பாதி வீடுகளுக்கு அந்த 53,333 கூட வரவில்லை. மேல்தட்டின் சில வீடுகள் சராசரியை மேலே இழுத்துவிட்டன. புத்தகத்தில் உள்ள "ஒரு கடையில் விற்பனையான சப்பாத்துகளின் அளவு" கணக்குக்குப் பதில் இந்த இரண்டு இலக்கத்தையும் கரும்பலகையில் எழுதி, ஏன் இந்த இடைவெளி என்று கேட்டால் போதும். கொழும்புப் பிள்ளைகளுக்கு விடை ஜன்னலுக்கு வெளியே தெரியும்.

சாதாரண தரப் பரீட்சைக்குக் கணிப்பான் கொண்டுபோக முடியாது, வர்க்கமும் வர்க்கமூலமும் போட்டுப் பிள்ளை களைத்துவிடும் என்று என் பழைய சக ஆசிரியர்கள் சொல்வார்கள். ஐம்பது தரவு கொடுத்தால் களைக்கும்தான். ஐந்து தரவு கொடுங்கள். வர்க்கமூலத்துக்கு அண்ணளவான பெறுமானம் காணப் பிள்ளைகள் ஏற்கெனவே படித்திருக்கிறார்கள். எடுகொண்ட இடைக்குச் செலவழிக்கும் பாடவேளைகளில் இரண்டைக் குறைத்தால் நேரமும் கிடைக்கும். கல்விச் சீர்திருத்தம் பற்றி இவ்வளவு பேசும்போது மகரகம தேசிய கல்வி நிறுவகத்தில் பாடத்திட்டம் எழுதுபவர்கள் இதைக் கவனித்தால் நல்லது.

அதுவரை, உங்கள் மாணவர் பக்கத்தில் சில வாரங்களுக்கு அரைப் பக்கம் ஒதுக்க முடியுமானால் நானே எழுதித் தருகிறேன். சன்மானம் வேண்டாம். வரைபுகளைக் கையால்தான் கீறி அனுப்புவேன், அச்சில் கோடுகள் தெளிவாக விழும்படி பார்த்துக்கொண்டால் சரி.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கணித ஆசிரியர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6