பாப்பாவின் அட்டவணை

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. அப்பாவின் முழங்கால் வலி முன்பைவிடப் பரவாயில்லை. மற்றவை போனில் பேசியவைதான்.

நீ அனுப்பிய பாப்பாவின் பள்ளி அட்டவணையைக் கண்ணாடி போட்டுக்கொண்டு இரண்டு முறை படித்தேன். காலை எட்டரை முதல் மாலை ஆறு வரை, இருபது இருபது நிமிடமாகக் கட்டம் போட்டு, எழுத்து, எண், பாட்டு என்று அழகாகத்தான் அச்சடித்திருக்கிறார்கள். தூக்கத்துக்கு ஒதுக்கியது நாற்பது நிமிடம். இரண்டே கால் வயதுக் குழந்தைக்கு இரவும் பகலும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது உனக்கும் தெரியும். இரவில் அவள் எத்தனை மணிக்குப் படுக்கிறாள் என்று நீ சொல்வதே இல்லை.

சத்துணவுத் திட்டம் வந்த 1982-இல் வேலைக்குச் சேர்ந்து, நாற்பது வருடம் இந்த வயதுப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்திருந்தவள் நான். பால்வாடி டீச்சருக்கு என்ன தெரியும் என்று மாப்பிள்ளை நினைத்தாலும் சொல்லிவிடுகிறேன்: இரண்டு வயதில் பென்சிலைக் குழந்தை உலக்கையைப் போல முழுக்கையால்தான் பிடிக்கும். மூன்று விரலால் பிடிக்க மூன்றரை, நான்கு வயதாகும். அதுவரை மணலும் தண்ணீரும் புளியங்கொட்டையும் போதும் (கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்வார்கள் என்பதால் பக்கத்தை விட்டு நகரக் கூடாது, கீழத்தெருப் பையனை மறந்திருக்க மாட்டாய்). 2020-இல் வந்த தேசியக் கல்விக் கொள்கைகூடப் பள்ளி வருடங்களின் கணக்கை மூன்று வயதில்தான் தொடங்குகிறது, அதையும் விளையாட்டு வழியாக என்கிறது.

வேலையை விடு என்று நான் சொல்ல மாட்டேன். 26 வார விடுப்பு முடிந்ததும் நீ திரும்பப் போய் நின்றதை ஊரெல்லாம் சொல்லிப் பெருமைப்பட்டவள் நான்தான். ஆனால் 2017-இல் பேறுகாலச் சட்டத்தைத் திருத்தியதிலிருந்தே, ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். உன் அலுவலகத்தில் கேட்டாயா என்று மூன்று முறை கேட்டேன். மூன்று முறையும் பேச்சை மாற்றினாய். அரை நாள் மட்டும் விடலாமா என்றாவது அந்தப் பள்ளியில் கேள். அட்டவணையைப் பார்க்காதே, ஒரு டீச்சருக்கு எத்தனை குழந்தைகள் என்று பார். மத்தியானம் அவள் எங்கே, யார் பக்கத்தில் படுக்கிறாள் என்று பார். தூக்கத்தைப் பற்றிக் கட்டாயம் கேள்.

போன ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் "பாட்டிக்கு ஒரு பாட்டு பாடு" என்று கேட்டேன். பாப்பா கையைக் கட்டிக்கொண்டு, பிறகு ஒரு கையை எடுத்து ஆள்காட்டி விரலை உதட்டில் வைத்து நிமிர்ந்து உட்கார்ந்தாள். நீ சிரித்தாய், நல்ல பழக்கம் வந்துவிட்டது என்றாய். எனக்குச் சிரிப்பு வரவில்லை, ஏனென்றால் அந்த உட்காரலை நான் முன்பே பார்த்திருக்கிறேன்.

உன்னை இரண்டரை வயதில் என் மையத்துக்கே கூட்டிப்போனேன். டீச்சர் பிள்ளைக்குத் தனிச் சலுகை என்று ஊர் பேசிவிடக் கூடாது என்பதற்காக, அங்கே என்னை அம்மா என்று கூப்பிடக் கூடாது என்று சொல்லி வைத்தேன். மற்றப் பிள்ளைகள் அழுதால் தூக்கி இடுப்பில் வைத்துக்கொள்வேன். நீ அழுதால் மட்டும் சுவரோரம் உட்கார வைப்பேன். ஒரு மாதத்தில் அழுகை நின்றது, அதையும் நல்ல பழக்கம் என்றே அப்பாவிடம் சொன்னேன். பிறகு ஒரு நாள் ராத்திரி காய்ச்சலில் விழித்து, வீட்டில், இருட்டில், நீ என்னை "டீச்சர், தண்ணி" என்று கூப்பிட்டாய். அப்பாவிடம்கூட இதை நான் சொன்னதில்லை.

ஆகையால் உன்னைக் குறை சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். சத்துமாவு அரைத்து வைத்திருக்கிறேன், பக்கத்து வீட்டுத் தம்பி வரும்போது கொடுத்தனுப்புகிறேன். நாளை கூப்பிடும்போது பாப்பாவைப் பாடச் சொல்லாதே. போனை அவள் பக்கத்தில் வைத்துவிட்டு நீ உன் வேலையைப் பார், அவள் விளையாடுகிற சத்தத்தை நான் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அன்புடன்,
அம்மா