432-இல் என்ன இருக்கிறது?

ஆசிரியருக்கு,

'432 ஹெர்ட்ஸ்தான் பழைய, இயற்கையான சுருதி. 440 பின்னால் திணிக்கப்பட்டது' என்கிறது சென்ற இதழின் இசைக் கட்டுரை; வாத்தியங்களையும் 432க்கு மாற்றிச் சேர்க்கச் சொல்கிறது. (வாத்தியங்களைச் சுருதி சேர்க்க அடிப்படையாக வைக்கும் 'ஏ' என்ற மேற்கத்தியச் சுரம் நொடிக்கு எத்தனை முறை அதிர்கிறது என்பதே இந்த எண்கள்.) 440 பின்னால் வந்தது என்பது சரி. 1939இல் லண்டனில் கூடிய மாநாடு அதைப் பரிந்துரைத்தது, 1955இல் சர்வதேசத் தர அமைப்பான ஐ.எஸ்.ஓ.வும் ஏற்றது. ஆனால், அதற்கு முன் எல்லாரும் 432இல் வாசித்தார்கள் என்பதற்கு ஆதாரமே இல்லை. பதினெட்டாம் நூற்றாண்டு இசையமைப்பாளர் ஹேண்டலுடையது எனப்படும் இசைக்கவை 422.5 காட்டுகிறது. பிரான்ஸ் 1859இல் 435ஐச் சட்டமாக்கியது. விக்டோரியா காலத்து இங்கிலாந்திலோ சுருதி 452 வரை ஏறியது. 1884இல் இத்தாலி தன் ராணுவ பேண்டுகளுக்கு 432ஐ விதித்தது உண்மைதான். மறு ஆண்டே வியன்னா மாநாடு 435ஐத் தேர்ந்தது.

கர்நாடக இசையில் இந்தச் சர்ச்சைக்கே வேலையில்லை. பாடுபவரின் குரல் எங்கே நிற்கிறதோ அங்கே ஷட்ஜம், அதாவது 'ஸ': ஆண்களுக்குப் பெரும்பாலும் ஒன்று, ஒன்றரைக் கட்டை, பெண்களுக்கு ஐந்து, ஐந்தரை. (கட்டை என்பது ஆர்மோனியத்தில் விரல் வைத்து அழுத்தும் கட்டை; அந்தக் கணக்கே ஆர்மோனியம் தந்ததுதான்.) பாலித் தீவின் கமெலான் என்ற உலோக வாத்தியக் குழு இசையில் ஒவ்வொரு வாத்தியத் தொகுதிக்கும் தனிச் சுருதி, ஒன்றின் கருவியை இன்னொன்றோடு சேர்த்து வாசிக்க முடியாது. அதிலும் ஜோடிக் கருவிகளை வேண்டுமென்றே சற்று விலக்கிச் சேர்த்து, நாதம் அலையடிக்கும்படி செய்கிறார்கள்.

440க்கும் 432க்கும் இடையே 32 சென்ட்தான் (அரைச் சுரத்தில் நூறில் ஒரு பங்கு ஒரு சென்ட்), அரைச் சுரத்தில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை. 20 டிகிரியில் 440க்குச் சேர்த்த ஆர்கன் குழாய், அறை 10 டிகிரிக்குக் குளிர்ந்தால் தானாகவே 432ஐ ஒட்டி இறங்கிவிடும். குளிர்ந்த காற்றில் ஒலி மெதுவாகச் செல்கிறது, அவ்வளவுதான் விஷயம்.

வாத்தியத்தை 432க்கு மாற்றிச் சேர்க்கச் சொல்லும் கட்டுரையின் யோசனைதான் கவலை தருகிறது. வயலினில் கேடில்லை, தந்தியின் இழுவிசை நூற்றுக்கு மூன்றரை அளவு தளரும். மேற்கத்தியப் புல்லாங்குழலில் தலைப்பகுதியை 11 மில்லிமீட்டர் போல வெளியே இழுக்க வேண்டும். அப்போது அடிச் சுரம் சரியாக இறங்கும்; குழலின் பாதி நீளத்தில் ஒலிக்கும் சுரங்களோ ஏறக்குறைய இரண்டு மடங்கு இறங்கி, குழல் தனக்குள்ளேயே அபசுரமாகிவிடும். ஆர்மோனியம் இன்னும் மோசம். ஒலி எழுப்பும் உலோக நாக்கான ரீடு ஒவ்வொன்றையும் அடிப்பக்கம் சுரண்டினால்தான் சுருதி இறங்கும். மனம் மாறி ஏற்ற வேண்டுமானால் நுனியைச் சுரண்ட வேண்டும். சுரண்டிய உலோகம் திரும்பி வராது. மெலிந்த ரீடு சுருதியில் நிற்காது, சீக்கிரம் முறியும்.

குழுவில் ஒருவர் மட்டும் மாற்றினாலோ, அந்த ஏ சுரத்தில் நொடிக்கு எட்டு அதிர்வு வித்தியாசம் படபடவென்று கேட்கும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்