எல்லாவற்றையும் மூடத் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி மெதுவானால் பின்னணி நிரல்களை எல்லாம் மூடிவிடுங்கள் என்று உங்கள் தொழில்நுட்பப் பக்கத்தில் படித்தேன். அதோடு எனக்கு உடன்பாடில்லை. நான் மொழிபெயர்ப்பாளர். நாள் முழுக்கத் தட்டச்சுதான் வேலை. நாலு எழுத்து அடித்தால் முழுச் சொல்லையும் விரித்துத் தரும் சின்ன நிரல் ஒன்றை எனக்காக நானே எழுதி வைத்திருக்கிறேன். அதை எழுதியபோது கற்றதைத்தான் சொல்ல வருகிறேன்.

லினக்ஸ் இயங்குதளத்தில் முதலில், 'விசை ஏதும் அழுத்தினார்களா?' என்று 10 மில்லிவினாடிக்கு ஒருமுறை கேட்கும்படி எழுதினேன். வினாடிக்கு 100 தடவை! நான் எழுந்து போய்விட்டாலும் அது கேட்டுக்கொண்டே இருக்கும். பேட்டரி சீக்கிரமே இறங்கியது. உண்மையில் கேட்கவே வேண்டியதில்லை. அங்கே விசைப்பலகையையும் ஒரு கோப்பைப் போலத் திறந்து படிக்கலாம். படிக்க ஒன்றும் இல்லையென்றால், இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் என் நிரலைத் தூங்க வைத்துவிடும். விசை அழுத்தியதும் அதுவே எழுப்பும். தூங்கும் நிரலுக்குச் சிபியு (கணினியின் செயலி) நேரம் துளியும் செலவாகாது.

விண்டோஸில் வேறு சிக்கல். அங்கே நான் போட்டது 'ஹுக்'. அழுத்தும் ஒவ்வொரு விசையும் முதலில் என் நிரலுக்கு வரும், அது விட்ட பிறகுதான் மற்ற நிரல்களுக்குப் போகும். நானோ அந்த இடத்திலேயே ஒவ்வொரு எழுத்தையும் வட்டில் சேமித்தேன். எந்த நிரலில் அடித்தாலும் எழுத்து தாமதமாக விழுந்தது. எந்த நிரல் எவ்வளவு சிபியு எடுக்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரில் பார்த்தால் என் நிரல் 1 சதவீதம்கூடக் காட்டவில்லை. பட்டியலில் மேலே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மூடி இரண்டு நாள் வீணானது. அப்புறம்தான் விசையைக் குறித்துக்கொண்டு உடனே விட்டுவிட்டு, சேமிக்கும் வேலையைத் தனி த்ரெட்டுக்கு (நிரலுக்குள்ளேயே தனியாக ஓடும் இன்னொரு வேலை வரிசைக்கு) மாற்றினேன். சரியாகிவிட்டது.

மேக்கில் பயனர் அனுமதி தந்தால்தான் ஒரு நிரல் இப்படி விசைகளைக் கவனிக்க முடியும். அது மிகவும் தாமதித்தால் மேக் தானாகவே இணைப்பைத் துண்டித்துவிடும். இந்தக் கண்டிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆண்ட்ராய்டும் 8-ஆம் பதிப்பிலிருந்து (2017) பின்னணிச் சேவைகளை இறுக்கிப் பிடிக்கிறது.

எல்லாவற்றையும் மூடச் சொன்னால், தூங்கிக்கொண்டிருக்கும் நல்ல நிரலும் போய்விடும். கோப்புகளைக் காப்பாற்றும் பேக்கப் நிரலையும் மூடிவிடுவார்கள். எழுத்து தாமதமாக விழுந்தால், விசைகளைத் தொடும் நிரல்களை மட்டும் ஒவ்வொன்றாக நிறுத்தி, ஒரு பத்தி அடித்துப் பார்க்கும்படி வாசகர்களுக்குச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஒரு மொழிபெயர்ப்பாளர்