கார்லோஸ் ரூயிஸின் 39 கோல்கள்: ஃபிஃபாவுக்கு ஒரு திறந்த மடல்

ஃபிஃபா தலைவருக்கும் கவுன்சில் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

2025 அக்டோபர் 14 அன்று ஹங்கேரிக்கு எதிராக கிறிஸ்டியானோ ரொனால்டோ இரண்டு கோல் அடித்தார். உலகக் கோப்பைத் தகுதிச் சுற்றுகளில் அவருடைய கணக்கு 41 ஆனது. அதற்கு முந்தைய மாதம்தான் அவர் 39ஐத் தொட்டிருந்தார். அந்த 39தான் தகுதிச் சுற்றுகளின் உலக சாதனை, ஒன்பது ஆண்டுகளாகத் தனியாக ஒருவர் பெயரில் இருந்தது: மத்திய அமெரிக்க நாடான குவாத்தமாலாவின் கார்லோஸ் ரூயிஸ்.

ரொனால்டோ மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. சாதனை என்றால் ஒருநாள் உடையத்தான் செய்யும். ஆனால் அந்த 41 போக, ரொனால்டோ அதற்குள் ஐந்து உலகக் கோப்பைகளில் ஆடி முடித்திருந்தார். ரூயிஸுக்கு இருந்தது இந்த 39 மட்டும்தான். அவருடைய நாடு இன்றுவரை ஒரு உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை. 48 அணிகளாக நீங்கள் கதவை அகலப்படுத்திய 2026க்கும் அவர்களால் வர முடியவில்லை.

ரூயிஸ் பிறந்தது 1979 செப்டம்பர் 15, குவாத்தமாலாவின் சுதந்திர தினம். ஊரில் அவருக்கு 'பெஸ்காதித்தோ' என்று பெயர், குட்டி மீன் என்று அர்த்தம். முனிசிபால் கிளப்பில் ஆடி வளர்ந்தவர், 2002இல் அமெரிக்க லீக்கில் ஆடும் லாஸ் ஏஞ்சலஸ் கேலக்சிக்குப் போனார். அதற்கு முன் மூன்று முறை இறுதிப் போட்டி வரை வந்து தோற்ற கிளப் அது. போன முதல் சீசனிலேயே 24 கோல் அடித்து, லீக்கின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு இறுதிப் போட்டி கூடுதல் நேரம் வரை இழுத்தது. 113ஆவது நிமிடத்தில் கோப்பையை முடிவு செய்த ஒரே கோலும் அவருடையதுதான். அப்புறம் டல்லாஸ், டொராண்டோ, பராகுவே, மெக்சிகோ, கிரீஸ் என்று பல இடங்களில் ஆடினார். தொட்டால் விழுந்துவிடுவார் என்று எதிரணி ரசிகர்கள் அவரைத் திட்டுவார்கள். அதிலும் கொஞ்சம் உண்மை உண்டு.

எந்த கிளப்பில் இருந்தாலும், தகுதிச் சுற்று என்றால் நாட்டுக்காக வந்து நிற்பார். ஐந்து உலகக் கோப்பைகளுக்கான தகுதிச் சுற்றுகளில் அப்படி வந்து நின்றார்.

2005 அக்டோபர் 12ஐ நினைத்தால் எனக்கு இன்னமும் மனசு ஆறவில்லை. 2006 உலகக் கோப்பைக்கான தகுதிச் சுற்றில் கடைசி நாள் ஆட்டம். குவாத்தமாலா தன் பங்குக்குக் கோஸ்டாரிகாவை 3-1 என்று வென்றுவிட்டது. அதே நேரத்தில் மெக்சிகோவுடன் ஆடிக்கொண்டிருந்த டிரினிடாட் தோற்றிருந்தால், உலகக் கோப்பைக்குப் போக மிச்சமிருந்த கடைசி வாய்ப்பான பிளேஆஃப் இடம் குவாத்தமாலாவுக்கு. மெக்சிகோதான் முதலில் கோல் அடித்தது. பிறகு ஸ்டெர்ன் ஜான் இரண்டு அடித்தார். டிரினிடாட் 13 புள்ளி, குவாத்தமாலா 11. டிரினிடாட் பிளேஆஃபில் பஹ்ரைனையும் தாண்டி, உலகக் கோப்பை நடந்த ஜெர்மனிக்குப் போனது. ரூயிஸ் வீட்டுக்குப் போனார்.

இன்னொரு கோலைச் சொல்கிறேன். 2016 மார்ச் 25, குவாத்தமாலா சிட்டி, எதிரே அமெரிக்கா. அதற்கு முன் அமெரிக்காவை குவாத்தமாலா வென்றது 1988இல். 15ஆவது நிமிடத்தில் கோல்கீப்பர் பாவ்லோ மோட்டா பந்தை நீளமாக உதைக்கிறார். டிஃபெண்டர்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் ரூயிஸ் அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஓடிவிட்டார். அப்போது அவருக்கு வயது 36, வேகமெல்லாம் போய்விட்டது. பந்து எங்கே விழும் என்று மற்றவர்களுக்கு முன்னால் தெரிந்துகொள்ளும் மூளை மட்டும் போகவில்லை. முன்னேறி வந்த டிம் ஹோவர்டைத் தாண்டிப் பந்தைத் தள்ளினார், 2-0. அதுதான் முடிவும். அந்த வீடியோவை எத்தனை தடவை பார்த்தேன் என்று கணக்கே இல்லை.

ஆறு மாதம் கழித்து, செப்டம்பர் 6 அன்று, செயின்ட் வின்சென்ட்டுக்கு எதிராக அவருடைய கடைசி ஆட்டம். வரும்போது தகுதிச் சுற்றுகளில் அவருக்கு 34 கோல், அப்போதைய சாதனை ஈரானின் அலி தாயியின் 35. ரூயிஸ் ஐந்து அடித்தார். அணி 9-3 என்று வென்றும் அடுத்த சுற்றுக்குப் போகவில்லை. எதிரணி பலவீனமானது என்று சொல்வீர்கள். சரி, பலவீனமானதுதான். ஆனால் அட்டவணை போடுவது நீங்கள், எதிரே யார் வந்தாலும் ஆடித்தான் ஆக வேண்டும். அலி தாயியும் ரொனால்டோவும் சின்ன அணிகளுக்கு எதிராக அடித்ததை யாரும் கழிப்பதில்லையே.

அடுத்த மாதம் 28ஆம் தேதி நீங்கள் குவாத்தமாலாவையே இடைநீக்கம் செய்தீர்கள். காரணம் இருந்தது, மறுக்கவில்லை. அந்த நாட்டுக் கால்பந்து சங்கத்தின் தலைமையில் இருந்தவர்கள் லஞ்ச வழக்கில் சிக்கியிருந்தார்கள், நீங்கள் அமைத்த சீரமைப்புக் குழுவை உள்ளே இருந்தவர்கள் ஏற்கவில்லை. ஆனால் தண்டனை யார் தலையில் விழுந்தது? 2018 மே மாதக் கடைசி வரை அந்த நாட்டுப் பையன்களுக்கு சர்வதேச ஆட்டமே கிடையாது.

தகுதிச் சுற்று அந்த மண்ணுக்கு என்ன என்று சொல்ல ஒரு தேதி போதும்: 1996 அக்டோபர் 16. கோஸ்டாரிகாவுடனான தகுதி ஆட்டத்துக்கு மாத்தியோ புளோரஸ் மைதானம் தாங்காத கூட்டம் வந்து, நெரிசலில் எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்துப்போனார்கள். உலகக் கோப்பைக்குப் போகிற வழியில் ஒரு ஆட்டத்தைப் பார்க்கத்தான் அவர்கள் வந்தார்கள். அந்த மைதானத்துக்கு இப்போது தொரோத்தேயோ குவாமுச் புளோரஸ் என்று பெயர். 1952 பாஸ்டன் மாரத்தானை வென்றவரின் சொந்தப் பெயர் அது, உலகம்தான் அவரை மாத்தியோ என்று அழைத்துக்கொண்டிருந்தது. அதைத் திருத்த 2016 வரை ஆனது.

இறுதிச் சுற்றில் அதிக கோல் அடிப்பவருக்குத் தங்கக் காலணி தருகிறீர்கள். ஏழு எட்டு ஆட்டங்களுக்கு அது. இரண்டு மூன்று வருடம், மழையிலும் மேடு பள்ளத்திலும் நீளும் தகுதிச் சுற்றுக்கும் ஒரு காலணி கொடுங்கள். உங்கள் உறுப்பு நாடுகள் 211. அவற்றில் பெரும்பாலானவற்றின் ஸ்ட்ரைக்கர்களுக்கு உலகக் கோப்பை என்பதே அந்தச் சுற்றுதான். அந்த விருதுக்கு ரூயிஸின் பெயரை வையுங்கள். 47 ஆட்டங்களில் 39 கோல் அடித்தவர் அவர்.

2030க்கான தகுதிச் சுற்றுகள் முடிவதற்குள் இதை அறிவித்துவிடுங்கள். முதல் காலணியை வாங்குகிறவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும், குவாத்தமாலா சிட்டியில், அந்த மைதானத்திலேயே, பெஸ்காதித்தோ கையால் வாங்கட்டும்.

அன்புடன்,
ஒரு கால்பந்து ரசிகன்