இடது பக்கத்தைத் திறந்துவிட்டேன்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இங்கே எல்லோரும் நலம். உன் கடிதத்தை இத்தனை நாள் கிடப்பில் போட்டுவைத்ததற்கு நேரில் பார்க்கும்போது ஆசை தீரத் திட்டிக்கொள். அம்மாவுக்கு முட்டி வலி பரவாயில்லை, கைப்பிடியைப் பிடிக்காமலே படியேறுகிறார். சின்னவள் பரீட்சை எழுதி முடித்துவிட்டாள். தாடி பேசினான், அந்த ஸ்கூட்டர் சாவி இன்னும் கிடைக்கவில்லையாம், உன்னைத்தான் கேட்கச் சொன்னான். நீயாயிற்று, அவனாயிற்று.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் எம்.ஜி.பி.யின், அதுதான் அந்தப் பழைய பிரிட்டிஷ் காரின், இடது பக்கத்தைத் திறந்துவிட்டேன். கதவுக்கு அடியில் முன் சக்கரத்திலிருந்து பின் சக்கரம் வரை பெட்டி மாதிரி ஓடுகிறதே, ‘சில்’ என்கிற அந்தத் தகட்டுப் பெட்டியைக் கிரைண்டர் வைத்து அறுத்துப் பிளந்தாயிற்று. பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை. யாரிடமாவது கொட்டியாக வேண்டும். வீட்டில் சொன்னால் “துருதானே” என்கிறார்கள்.

நீயும் அதே கட்சிதான். “கதவுக்கடியில் நாலு கொப்புளம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பட்டி பார்த்து, பெயிண்ட் அடித்தால் ஜோலி முடிந்தது” என்று எழுதியிருந்தாயே! ஜீப்பிலேயே கை பழகினவன் வேறு எப்படி எழுதுவான்? மாப்ளே, அந்த இடத்தில் வரும் கொப்புளம் பெரும்பாலும் உள்ளேயிருந்து கிளம்பி வெளியே எட்டிப் பார்க்கிற துரு. இரும்பு துருவாகும்போது முன்பு இருந்ததைவிடப் பல மடங்கு இடம் கேட்கும். அந்த நெருக்கலில்தான் பெயிண்ட் உப்புகிறது, புள்ளி புள்ளியாக ஸ்பாட் வெல்டு வைத்த இணைப்புகள் வாய் பிளக்கின்றன. கொப்புளம் கண்ணில் படுகிறது என்றால் உள்ளே காரியம் எப்போதோ நடந்து முடிந்திருக்கும்.

முதலில் காந்தத்தை வைத்துத்தான் பார்த்தேன். மெல்லிய துணியில் சுற்றி, சில் நெடுக நகர்த்திக்கொண்டே போனேன். நடுவில் கெட்டியாகப் பிடித்தது. கதவு முடிந்து பின் சக்கரம் தொடங்குவதற்கு முன்னால் ஒரு மூலை இருக்கிறதே, அங்கே வந்ததும் பிடி விட்டுக் கீழே விழுந்தது. ஸ்க்ரூ டிரைவரால் சுரண்டினேன். பட்டி, அதற்குள் பட்டி, இன்னும் பட்டி. என் சுண்டுவிரல் தடிமனுக்கு இருந்தது. அதற்குக் கீழே பிசின் ஊற்றின கண்ணாடி நார். அதற்கும் கீழே ரிவிட் அடித்த ஒரு தகடு. அதைப் பிரித்தபோதுதான் 1966-இல் தொழிற்சாலையில் வைத்த அசல் சில் தெரிந்தது. துருப்பிடித்ததை வெட்டியெடுக்காமல் அப்படியே விட்டு, மேலே புதுத் தகட்டைப் போர்த்தியிருக்கிறார்கள். இரண்டுக்கும் நடுவே ஈரமண். கையால் அள்ளினேன். பழைய தகடு விரல் பட்டதும் பழுப்பும் கறுப்புமாக அடுக்கடுக்காக உதிர்ந்தது.

யார் செய்த வேலை என்று எனக்குத் தெரியாது, தேடிக்கொண்டு போகவும் போவதில்லை. கோபம் மட்டும் போகவில்லை. மேலே பெயிண்ட் அவ்வளவு சுத்தமாக இருந்தது. அப்படி முடிக்கத் தெரிந்த கைக்கு, எதை மூடுகிறோம் என்று தெரியாமலா இருந்திருக்கும்?

உன் ஜீப்பில் பாடியைக் கழற்றி ஓரமாக வைத்தாலும் சேஸிஸ் என்கிற அடிச்சட்டம் தன்பாட்டுக்கு நிற்கும். இதற்கு முந்தின எம்.ஜி.ஏ.வும் அப்படித்தான். 1962-இல் எம்.ஜி.பி. வந்தபோது தனிச் சேஸிஸை எடுத்துவிட்டார்கள். மடித்த தகடுகளைப் பெட்டி பெட்டியாக வெல்டு வைத்து, அந்தப் பெட்டிகளையே பாரம் தாங்க விட்டார்கள். அப்புறம் வந்த ஜி.டி. என்கிற மூடின ரகத்துக்குக் கூரையாவது கைகொடுக்கும். என்னுடையது திறந்த வண்டி. முன் பாதியும் பின் பாதியும் மடங்கிப்போகாமல் பிடித்து நிறுத்துவது இரண்டு பக்கச் சில்லும் நடுவில் ஓடும் கியர்பாக்ஸ் சுரங்கமும்தான். சில்லுக்குள் வெளித்தகடு, உள்தகடு, இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு தடுப்புத் தகடு, அடியில் ஒரு நீளப் பட்டை என்று நாலு சமாச்சாரம் உண்டு. அந்த நடுத் தடுப்பின் கீழ்ப்பாதி என் வண்டியில் இல்லை. ஓட்டை விழுந்திருக்கிறது, மெலிந்திருக்கிறது என்ற பேச்சே கிடையாது. இல்லவே இல்லை.

இடது சீட்டில்தான் சின்னவள் உட்கார்ந்து வருவாள். “கதவு சாத்தும்போது பூட்டு உரசுகிறது” என்று முதலில் சொன்னதும் அவள்தான். சில் விட்டுப்போய், வண்டி நடுவில் தொய்ந்து, கதவு வாசல் சுருங்கியதால் வந்த உரசல் அது. அந்தப் பக்கத்தில் யாராவது வந்து மோதியிருந்தால் என்ற நினைப்பு ராத்திரி படுத்ததும் வந்துவிடுகிறது. இதை அவளிடம் சொல்லவில்லை. நீயும் சொல்லாதே.

தாடி ஒரே பேச்சாக “பாடியையே புதுசாக வாங்கிப் போடு” என்கிறான். அவன் சொல்வதில் தப்பே இல்லை. பிரிட்டிஷ் மோட்டார் ஹெரிடேஜ்காரர்கள் பழைய அச்சுகளைத் தேடிச் சேர்த்து, 1988-லிருந்து இதற்கு முழு பாடியே செய்து தருகிறார்கள். 1980-இல் அபிங்டன் தொழிற்சாலையோடு முடிந்துபோன வண்டிக்கு இப்படி ஒரு யோகம்! ரோவர் கம்பெனி 1990-களில் ஆர்.வி.8 என்று ஒரு காரைக் கொண்டுவந்ததே அந்த பாடியை வைத்துக்கொண்டுதான். இரண்டு பக்கமும் போய், ஃப்ளோரும் போய், பின் ஸ்பிரிங் மாட்டுகிற இடங்களும் போயிருந்தால் நானும் அதைத்தான் செய்வேன். என் வண்டியில் வலது பக்கம் முழுசாக நிற்கிறது. துளைபோட்டு உள்ளே விளக்கு விட்டுப் பார்த்துவிட்டேன், தொழிற்சாலைப் பெயிண்டே தெரிகிறது. பின் ஸ்பிரிங் தாங்கிகள் கெட்டி. சீட்டுக்குப் பின்னால் இரண்டு 6 வோல்ட் பேட்டரிக்கு இரண்டு பெட்டி உண்டல்லவா, அதில் ஒன்று மட்டும் ஆசிட் சிந்தி அடி கழன்றிருக்கிறது. இதற்காக மிச்ச வண்டியைக் காயலான் கடைக்கு அனுப்ப எனக்கு மனசு வராது.

என் கணக்கு இதுதான்: பாரம் தாங்குகிற தகடு என்றால் யோசனையே வேண்டாம், முழுசாக வெட்டிப் புதுசு வைக்க வேண்டும். சில்லில் ஒட்டுப்போடுகிற பேச்சே கூடாது. வெளித்தோலாக இருக்கிற தகட்டில் மட்டும், எவ்வளவு பழசைக் காப்பாற்ற முடியுமோ அவ்வளவையும் காப்பாற்றலாம். வலது முன் மட்கார்டுக்குக் கீழ்விளிம்பை மட்டும் மாற்றினால் போதும். பானெட் அலுமினியம், பிந்திய வண்டிகளில் அதை இரும்பாக்கிவிட்டார்கள். இதில் கையே வைக்க மாட்டேன். இடது கதவின் தோலில் முக்கோணக் கண்ணாடிக்குப் பின்னால் அந்த வழக்கமான விரிசல் இருக்கிறது, இந்த வண்டிகளுக்கே உள்ள வியாதி. அதை வெல்டு வைத்துத் தேய்த்துவிடலாம்.

இனி வேலைக்கு வருகிறேன். இதை எழுதத்தான் கை துறுதுறுக்கிறது. சில் கதவோடு முடிந்துவிடுகிறது என்றுதானே நினைத்திருப்பாய்? முன்னால் மட்கார்டுக்கு உள்ளே போகிறது. பின்னால் பின் மட்கார்டின் கீழ்மூலைக்கு உள்ளே போகிறது. முன் மட்கார்டு போல்ட்டில் நிற்பது, கழற்றிவிடலாம். பின் மட்கார்டு வெல்டு. அதன் கீழ்மூலையை அறுத்தால்தான் சில்லின் வால் கண்ணுக்கே தெரியும். அந்த அறுப்புக்குச் சோம்பிக்கொண்டுதான் கதவு அகலத்துக்கு மட்டும் ஒரு தகட்டை மூடிவிட்டு அனுப்புகிறார்கள். துருப்பிடிப்பதோ அந்த இரண்டு முனைகளில்தான். முன் சக்கரம் சேற்றைத் தூக்கி எறிகிறது. மட்கார்டுக்குள் இருக்கிற தடுப்புத் தகட்டின் ரப்பர் தேய்ந்ததும் அது உள்ளே புகுந்து கதவுத் தூணின் காலடியில் உட்கார்ந்துகொள்கிறது. எத்தனை வெயிலில் நிறுத்தினாலும் அந்த மண் காயாது.

அறுப்பதற்கு முன்னால் பெட்ரோல் டேங்கை இறக்கிவிட்டேன். கதவு வாசலின் முன் தூணுக்கும் பின் தூணுக்கும் நடுவே சதுரக் குழாய் வைத்து வெல்டு அடித்தேன், மூலைக்கு மூலை குறுக்காகவும் ஒன்று. வண்டியின் நாலு பக்கமும் சமமட்டம் பார்த்து ஸ்டாண்டில் நிறுத்தி, வலது வாசலின் அளவுகளைத் தகட்டிலேயே குறித்து வைத்திருக்கிறேன். இதெல்லாம் இல்லாமல் திறந்த வண்டியில் சில்லை எடுத்தால் வண்டி வாழைத்தண்டு மாதிரி வளைந்துவிடும். வளைந்தபடியே புதுச் சில்லை வெல்டு வைத்துவிட்டால் அப்புறம் எந்த ஜென்மத்திலும் அந்தக் கதவு சாத்தாது.

புதுச் சில் வந்துவிட்டது. அழகான வேலை, மடிப்பு கத்தி மாதிரி இருக்கிறது. ஆனால் கொண்டுவந்ததும் உட்கார்ந்துவிடும் என்று நினைக்காதே. தொழிற்சாலையிலேயே ஒவ்வொரு வண்டியையும் கையால் தட்டித் திருத்திப் பொருத்தினார்கள், இரண்டு எம்.ஜி.பி. ஒன்றுபோல் இருக்காது. அதனால் எதையும் உடனே வெல்டு வைக்கப்போவதில்லை. சில்லைக் கிளாம்பில் பிடித்து, கதவை மாட்டி, முன் மட்கார்டை மாட்டி, பின்மூலைத் துண்டையும் வைத்து, எல்லா இடைவெளியும் மேலிருந்து கீழ்வரை 4 மில்லிமீட்டர் சீராக வருகிறதா என்று பார்க்க வேண்டும். வராவிட்டால் கழற்று, தட்டு, மறுபடி மாட்டு. பொறுமை இல்லாதவன் இந்த இடத்தில்தான் வண்டியைக் கெடுக்கிறான். சீட்டாட்டத்தில் நீ போடுகிற அவசரத்தை இங்கே போட்டால் தொலைந்தோம்.

வெல்டிங் மிக் மெஷினில்தான், கம்பி தானாக வந்து உருகுகிற ரகம்; 0.6 மில்லிமீட்டர் கம்பி. தொழிற்சாலை ஸ்பாட் வெல்டு வைத்த இடத்திலெல்லாம் மேல்தகட்டில் துளை போட்டு, அந்தத் துளையை நிரப்பி எடுக்கிறேன். பின் மட்கார்டு மாதிரி வெளியே தெரிகிற தகட்டில் ஒரே இழுப்பாக இழுக்கக் கூடாது, சூட்டில் தகடு அலையலையாகிவிடும். இங்கே ஒரு பொட்டு, ஒரு சாண் தள்ளி ஒரு பொட்டு, கை வைத்தால் சுடாத அளவுக்கு ஆறினதும் நடுவில் ஒரு பொட்டு. தகடு தகட்டோடு ஒட்டும் இடத்தில் துத்தநாகப் பிரைமர், வேலை முடிந்ததும் இணைப்புகளில் சீலர். பெயிண்டெல்லாம் காய்ந்த பிறகு சில்லுக்குள்ளே நீளக் குழாய் விட்டு மெழுகு அடிக்க வேண்டும். அடியில் தண்ணீர் வடிகிற துளைகள் அந்த மெழுகில் அடைபட்டுவிடாமல் குத்திவிடவும் வேண்டும். அந்த முந்தின ஆள் எல்லாத் துளையையும் பட்டி வைத்து அடைத்திருந்தார், தெரியுமா? தண்ணீர் வேறு எங்கே போகும்?

இன்னொன்று. பின் மட்கார்டு மேலே இணைகிற இடங்களில் தொழிற்சாலை ஈயம் ஊற்றியிருக்கிறது. அதைக் கிரைண்டரில் தேய்க்கவே கூடாது, தூள் மூச்சில் போனால் விஷம். மெல்லச் சூடுகாட்டி வழித்தெடுக்கிறேன். நீ உன் ஷெட்டில் முகமூடி இல்லாமல் தேய்த்துக்கொண்டு நிற்பதைத் தாடி எனக்குச் சொல்லிவிட்டான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை மாப்ளே, நல்ல முகமூடி ஒன்று வாங்கு. இருமல் இருக்கிறது என்று நீயே எழுதியிருக்கிறாய்.

இனி உன்னிடம் கேட்க வேண்டியது. இரண்டு வேலை இருக்கிறது. கதவு மாட்டிப் பார்க்கிற சமயத்தில் நீ வந்தாக வேண்டும். ஒருத்தர் கதவைத் தூக்கிப் பிடிக்க, இன்னொருத்தர் கீல் போல்ட்டை இறுக்க வேண்டியிருக்கிறது. தாடியைக் கூப்பிட்டால் பேசியே பொழுதைப் போக்கிவிடுவான்.

இரண்டாவது, நாம் சேர்ந்து வாங்கி உன் ஷெட்டில் போட்டுவைத்த அந்த இடது முன் மட்கார்டு. என்னுடையது ஹெட்லைட்டுக்கு மேலேயும் பின்விளிம்பிலும் தகடே இல்லாமல் போய்விட்டது, காப்பாற்ற வழியில்லை. உன்னிடம் இருப்பதின் பக்கவாட்டில் சின்ன விளக்குக்கு ஓட்டை வெட்டியிருக்கிறதா என்று பார்த்து எழுது. அமெரிக்காவுக்குப் போன பிந்திய வண்டிகளில் அது உண்டு. இருந்தால் பரவாயில்லை, அடைத்துக்கொள்கிறேன், முன்கூட்டியே தெரிந்தால் தகடு வெட்டி வைத்துவிடுவேன். மேல்விளிம்பின் மடிப்பு வளையாமல் அட்டை சுற்றி அனுப்பு. பளபளவென்று இருக்கட்டும் என்று பட்டியோ பெயிண்டோ எதையும் பூசிவிடாதே. அழுக்கும் கீறலுமாக இருந்தாலும் எனக்கு அது இருக்கிறபடியே வேண்டும்.

வீட்டில் எல்லோருக்கும் அன்பு. பதிலை என்னைப் போல இழுத்தடிக்காமல் போடு.

உன்,
மாமா