மாசசூசெட்ஸிலிருந்து அப்பாவுக்கு

அன்புள்ள அப்பாவுக்கு,

இங்கே எல்லோரும் நலம். அமெரிக்கக் குடியுரிமைக்கு எப்போது மனுப் போடப் போகிறாய் என்று போன தடவை கேட்டீர்கள். அது போனில் பேசித் தீராது, அதனால்தான் எழுதுகிறேன்.

மே மாதம் எங்கள் ஊர்க்கூட்டம் நடந்தது. பள்ளிக்கூட ஹாலில் கூடி, பள்ளிக்கு எவ்வளவு, தீயணைப்பு வண்டிக்கு எவ்வளவு என்று ஒவ்வொரு செலவுக்கும் கை தூக்கி ஓட்டுப் போடுகிறார்கள். நம்ம ஊர் கிராமசபை மாதிரிதான். ஆனால் இவர்கள் வேண்டாம் என்றால் பணம் நிஜமாகவே நின்றுவிடும். ஓட்டில்லாதவர்களுக்குத் தனி வரிசை. வீட்டு வரி கட்டுகிற நான் அதில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துவிட்டு வந்தேன்.

இந்த மாநிலத்தில் அரசாங்கமே ஒப்பந்தத்தில் பிறந்ததுதான். 1620-ல் மேஃபிளவர் கப்பல், அனுமதி வாங்கியிருந்த வர்ஜீனியாவுக்குப் போகாமல் வடக்கே கேப் காடில் வந்து நின்றது. இந்த இடத்துக்கு அந்த அனுமதி செல்லாது, இனி எங்களை யாரும் அதிகாரம் பண்ண முடியாது என்று சிலர் முரண்டு பிடித்தார்கள். உடனே, சேர்ந்து சட்டம் செய்வோம், அதற்குக் கட்டுப்படுவோம் என்று 41 ஆண்கள் ஒரு தாளில் கையெழுத்துப் போட்டார்கள். பெண்களைக் கேட்கவில்லை. அந்த மண்ணில் ஏற்கெனவே வாழ்ந்த வாம்பனோவாக் மக்களைப் பற்றிப் பேச்சே இல்லை.

1780-ல் வந்த மாநில அரசியல் சட்டம், பெரும்பாலும் ஜான் ஆடம்ஸ் எழுதியது, அரசை வெளிப்படையாகவே சமூக ஒப்பந்தம் என்கிறது. ஊர் ஊராக அனுப்பி, இதே மாதிரிக் கூட்டங்களில் விவாதித்து ஏற்றார்கள். திருத்தங்களோடு இன்றும் அதுதான் நடப்பில் இருக்கிறது.

எனக்குப் பிடித்தது அடுத்த வருஷம் நடந்ததுதான். ஷெஃபீல்டில் பெட் என்று ஒரு அடிமைப் பெண். எழுதப் படிக்கத் தெரியாது. எல்லோரும் சுதந்திரமாகவும் சமமாகவும் பிறக்கிறார்கள் என்று அந்தச் சட்டத்தில் இருப்பது காதில் விழுந்து, ஒரு வக்கீலிடம் போனாள். 1781-ல் கிரேட் பாரிங்டன் கோர்ட்டில் ஜெயித்து, எலிசபெத் ஃப்ரீமன் என்று பெயர் வைத்துக்கொண்டாள். யாரும் அவளைக் கேட்டு எழுதாத ஒப்பந்தம் அது! 1787-ல் பிலடெல்பியாவில் நாட்டுக்கே அரசியல் சட்டம் எழுதிய பெரியவர்களோ, பிரதிநிதிகளின் கணக்குக்கு அடிமைகளை ஐந்தில் மூன்று பங்காக எண்ணினார்கள்.

ஆடம்ஸ் போன்றவர்கள் படித்த ஜான் லாக் என்ற ஆங்கிலேயத் தத்துவ அறிஞர், ஒரு நாட்டின் சாலையில் போனாலே அதன் ஆட்சிக்கு மறைமுகமாகச் சம்மதித்ததாகும் என்கிறார். அந்தக் கணக்கில், தினமும் காரில் வேலைக்குப் போகிற நான் எப்போதோ சம்மதித்துவிட்டேன். ஆனால் அது மட்டும் ஒருவரை உறுப்பினராக்காது, வெளிப்படையாக வாக்குக் கொடுக்க வேண்டும் என்றும் அவரே சொல்கிறார். என் கிரீன் கார்டு அப்படியே இதுதான். வேடிக்கை என்னவென்றால், இங்கே பிறந்தவர்களைக் குடிமக்களாக்க எந்த வாக்குறுதியும் வாங்குவதில்லை. வந்தேறிகளைத்தான் கையைத் தூக்கிச் சொல்லச் சொல்கிறார்கள்.

அந்த உறுதிமொழியில் மற்ற நாட்டு விசுவாசத்தைக் கைவிடுவதாகச் சொல்ல வேண்டும். இந்தியச் சட்டமும் இரண்டு குடியுரிமைக்கு இடம் தராது. அப்புறம், வெளிநாட்டுக் குடியுரிமை வாங்கிய இந்திய வம்சாவளிக்காரர்களுக்குத் தருகிற ஓசிஐ அட்டையை வாங்கிக்கொண்டு இந்தியாவுக்கு வரலாம், போகலாம். ஓட்டு மட்டும் கிடையாது. தனி வரிசை அங்கே மாறிவிடும், அவ்வளவுதான்.

மனுவை நிரப்பி வைத்திருக்கிறேன், இன்னும் அனுப்பவில்லை. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று எழுதுங்கள். அம்மாவிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

அன்புடன்,
உங்கள் மகள்